பதினான்கு பக்கம், ஒரு சாப்

பிரிக்ஃபீல்ட்ஸில் என் அடுக்குமாடி வீட்டு அழைப்பு மணி வருடத்தில் ஒரு பருவத்தில்தான் அதிகம் ஒலிக்கும். பள்ளியின் கடைசித் தேர்வான எஸ்டிபிஎம் முடிவு வந்து, பல்கலைக்கழகங்கள் மருத்துவப் படிப்புக்கு நேர்காணல் வைக்கிற பருவம் அது. எப்போதும் இரண்டு பேராகத்தான் வருவார்கள்: ஒரு பிள்ளை, கூடவே அப்பாவோ அம்மாவோ. ஃபைல் பெற்றவர் கையில் இருக்கும். பிள்ளை கையில் கைபேசி இருக்கும். டாக்டராக ஆசைப்படுவது யார் என்று கதவைத் திறக்கும்போதே தெரிந்துவிடும்.

அறிவுரை கேட்டு யாரும் வருவதில்லை. கேட்காமலே கொடுத்துவிடுவேன் என்று பயந்து பாதிப் பேர் செருப்பைக்கூடக் கழற்ற மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது முத்திரை. இங்கே அதை யாரும் முத்திரை என்று சொல்வதில்லை, சாப் என்பார்கள். மதிப்பெண் பட்டியல், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பள்ளியில் ஓடியது, குதித்தது, கொடி பிடித்தது என்று எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, ஒவ்வொரு நகலிலும் 'மூலத்தோடு ஒப்பிட்டேன், இது உண்மை நகல்' என்று ஓர் அரசு அதிகாரி சாப் அடித்துக் கையெழுத்திட வேண்டும். விண்ணப்பம் கணினியில், பணம் கட்டுவது கணினியில், முடிவு வருவதும் கணினியில். இது ஒன்று மட்டும் காகிதத்தில். ஏன் என்று நான் நான்கு பேரிடம் கேட்டிருக்கிறேன். நான்கு பேரும் 'அப்படித்தான்' என்றார்கள்.

நான் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசி நாளன்று என் அறையிலிருந்து நான் எடுத்து வந்தது மூன்று பொருள்: ஒரு குடை, ஒரு தண்ணீர்க் குவளை, அந்தச் சாப். அதில் என் பெயர், அதன் கீழே 'பேராசிரியர், அறுவை சிகிச்சைத் துறை', அதற்கும் கீழே துறையின் தொலைபேசி எண். திருப்பிக் கொடு என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கட்டும் என்று காத்திருக்கவில்லை. பதினோரு வருடமாக வந்தவர்களுக்கெல்லாம் அதையே அடித்துக் கொடுத்தேன்.

பேராசிரியர் என்றால் பொழுது விடிந்து பொழுது போனால் வெட்டுவதும் தைப்பதும்தான் வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள். பணியில் இருந்த கடைசி வருடத்து நாட்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு நாள் மழைக்கு வெளியே போக முடியாமல் உட்கார்ந்து எண்ணினேன். கத்தி எடுத்த நாள் அறுபத்தொன்று. கூட்டத்துக்குப் போன நாள் நூற்று முப்பத்திரண்டு. அதில் ஏழு, கூட்டங்களைக் குறைப்பது எப்படி என்று பேசுவதற்காகக் கூட்டப்பட்டவை. எட்டாவது கூட்டத்துக்கும் கடிதம் வந்தது. அதற்குள் எனக்கு ஓய்வு வந்துவிட்டது.

அறுவைக்கூடத்தில் நான் மதித்த ஒரே சடங்கு எண்ணுவது. வயிற்றைத் திறப்பதற்கு முன்னால் ரத்தம் ஒற்றுகிற துணிகளை நர்ஸ் எண்ணுவார். மூடுவதற்கு முன்னால் மறுபடியும் எண்ணுவார். ஒன்று குறைந்தால் அது உள்ளே இருக்கிறது என்று பொருள். கிடைக்கும்வரை தையல் கிடையாது. வாயால் எண்ணிவிட்டுப் போக முடியாது. ஒவ்வொன்றையும் விரித்து, கண்ணால் பார்த்து எண்ண வேண்டும். ஒருமுறை ஒரு நர்ஸ் துணிகளைப் பார்க்காமலே கணக்கு சரி என்று சொன்னார். கணக்கு உண்மையிலேயே சரியாகத்தான் இருந்தது. இருந்தும் அவரை அப்போதே வெளியே போகச் சொன்னேன். போகும்போது அழுதார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இதற்கெல்லாம் மேலே, மாணவர் சேர்க்கைக் குழுவிலும் என்னை ஒன்பது வருடம் உட்கார வைத்தார்கள். மூன்று பேராக உட்கார்ந்து பிள்ளைகளைக் கூப்பிட்டு 'ஏன் டாக்டராக வேண்டும்' என்று கேட்போம். வாழ்க்கையில் நான் கேட்ட கேள்விகளிலேயே மோசமான கேள்வி அதுதான். பதிலை பெட்டாலிங் ஜெயாவில் டியூஷன் சென்டர்களில் சொல்லிக் கொடுத்து அனுப்புவார்கள். 'சமுதாயத்துக்குச் சேவை செய்ய வேண்டும்.' ஒருமுறை காகிதத்தின் ஓரத்தில் கோடு போட்டு எண்ணினேன். அன்று வந்த நாற்பது பேரில் முப்பத்தேழு பேர் சமுதாயத்துக்குச் சேவை செய்யப் போவதாகச் சொன்னார்கள். அந்த முப்பத்தேழு பேரும் நாங்கள் உட்காரச் சொல்வதற்கு முன்னால் ஒரே மாதிரி தலை வணங்கினார்கள். மீதி மூன்று பேரில் ஒருவன் தன் அம்மா டாக்டர் என்றான். ஒரு பெண்ணுக்குப் பேச்சே வரவில்லை. இன்னொருவன் அடுத்த கேள்விக்கான பதிலைச் சொன்னான்.

பாடத்துக்குப் புறம்பான நடவடிக்கைக்கு என்று தனியாக மதிப்பெண் உண்டு. டெங்கில் பக்கம் ஏதோ ஒரு முகாமில் கூடாரம் போட்டு இரண்டு நாள் நூடல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்தால் 'தலைமைத்துவம்' என்று சான்றிதழ். அதற்கு இத்தனை புள்ளி. அணிவகுப்புக்கு இத்தனை. மாவட்ட அளவில் என்றால் கொஞ்சம் கூட. இந்தப் பட்டியலைத் தயாரித்தவர் ஒரு நாளாவது வார்டில் நின்றிருப்பாரா என்று நான் குழுவில் கேட்டேன். என் கேள்வியைக் குறிப்பேட்டில் பதிவு செய்துகொண்டார்கள். அவ்வளவுதான்.

என்னைச் சேர்த்த நேர்காணல் நான்கு நிமிடம் நடந்தது. உங்கள் அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். ரயில்வேயில் சிக்னல்காரர் என்றேன். அவர் தூங்கிவிட்டால் என்ன ஆகும் என்றார் நடுவில் இருந்தவர். ஒன்றும் ஆகாது, வண்டி நிற்கும், அவர் அவசரப்பட்டால்தான் ஆட்கள் சாவார்கள் என்றேன். போகலாம் என்றார்கள். அந்த ஒரு பதிலை வைத்து எனக்கு இடம் கொடுத்தார்கள் என்று பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னோடு விண்ணப்பித்தவர்களே மொத்தம் எத்தனை பேர் என்று அப்போது எண்ணிப் பார்த்ததில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கிள்ளானிலிருந்து ஒருவர் போன வருடம் ஒரு சனிக்கிழமை காலை தன் மகளோடு வந்தார். என் அறுவைக்கூடத்தில் அட்டெண்டனாக இருந்தவர். நோயாளிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டு வருவது, முடிந்ததும் வெளியே கொண்டு போவது அவர் வேலை. இருபத்திரண்டு வருடம் நான் இருக்கும் இடத்துக்கு நோயாளியைக் கொண்டு வந்தவர். அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் என்னிடம் பேசியதெல்லாம் 'வந்தாச்சு புரோஃப்', 'எடுத்துக்கவா புரோஃப்' என்ற இரண்டு வாக்கியம்தான்.

"திங்கக்கிழமை இன்டர்வியூ புரோஃப். பதினாலு பக்கம். ஒரு சாப் அடிச்சுக் குடுத்தீங்கன்னா போதும்."

"ஸ்கூல்ல பிரின்சிபல் இல்லையா?"

"இருக்காரு. நேத்தே வரச் சொன்னாரு. ஆனா உங்க சாப்னா அதுக்கு ஒரு வெயிட்டு இருக்கும்லா. அதான் இவள இழுத்துக்கிட்டு வந்தேன்."

அந்த 'வெயிட்டு' என்ற சொல்லில் நான் விழுந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. பிரின்சிபலிடமே போகச் சொல்லியிருக்கலாம். அவர் பணியில் இருப்பவர், அவர் சாப் செல்லும். நான் மை டப்பாவைத் திறந்தேன்.

பெண் எஸ்டிபிஎம்மில் நாலுக்கு நாலு வாங்கியிருந்தாள். ஃபைல் அவளுடைய கையிலேயே இருந்தது. எனக்கு அது வித்தியாசமாகப் பட்டது. இருந்தாலும் பழக்கம் விடவில்லை.

"ஏன் டாக்டராகணும்?" என்றேன்.

"அத அங்க சொல்லிக்கிறேன் அங்கிள். இப்பவே சொல்லிட்டா திங்கக்கிழமை பழசாப் போயிரும்."

"புரோஃப்னு சொல்லு" என்றார் அப்பா.

"சரி. புரோஃப் அங்கிள்."

பக்கங்களை எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பதாவது பக்கம் ஒரு கோலப் போட்டிச் சான்றிதழ். மூன்றாம் பரிசு.

"இது எதுக்கு? வயித்தத் தொறந்து உள்ள கோலம் போடப் போறியா?"

"தையல் நேரா வரும்ல" என்றாள்.

அப்பா அவளை முறைத்தார். நான் ஒன்பதாவது பக்கத்திலும் அடித்தேன். பதினான்கும் முடிந்ததும் மறுபடி எண்ணினேன், பதினான்கு இருந்தது. மூலச் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறைக்குள் மேசைமேல் கிடந்தன. அந்த உறையை நான் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை பதினொரு மணி தாண்டி ஆறு நிமிடத்தில் அட்டெண்டனிடமிருந்து தொலைபேசி வந்தது.

"புரோஃப், பேசுறது நீங்கதானே?"

"வேற யாரு?"

"இல்ல, இங்க நீங்க செத்துட்டீங்கன்னு சொல்றாங்க."

நடந்தது இது. அந்தப் பல்கலைக்கழகத்தில் நேர்காணலுக்கு முன்னால் ஒரு கவுண்டரில் காகிதங்களைச் சரிபார்க்கிறார்கள். அங்கே இருந்த பெண் என் சாப்பில் இருந்த எண்ணைப் பார்த்து என் பழைய துறைக்குத் தொலைபேசியில் பேசியிருக்கிறார். அங்கே எடுத்தவர், இந்தப் பேராசிரியர் இருக்கிறாரா என்ற கேள்விக்கு மலாயில் 'டா தாக் அடா' என்று பதில் சொல்லியிருக்கிறார். இப்போது இங்கே இல்லை என்று அதற்குப் பொருள். போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும் அதற்குப் பொருள். தமிழில் 'அவர் இல்லீங்க' என்று சொன்னாலும் இதே கதைதான். கவுண்டர் பெண் இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டார். செத்துப்போனவர் சனிக்கிழமை தேதி போட்டு எப்படிக் கையெழுத்திடுவார்? ஆகவே சாப் போலி. போலி என்றால் அட்டெண்டன் மகளின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். மேலதிகாரி வந்ததும் அதைச் செய்யப் போவதாகவும், போலீசில் புகார் கொடுப்பதா என்று அவரிடம் கேட்கப் போவதாகவும் சொல்லியிருக்கிறார்.

நான் கிராப் டாக்சி பிடித்துப் போனேன். வழியில் இருபத்துமூன்று சிக்னல் விளக்கு, பதினைந்தில் சிவப்பு. போகும் வழியெல்லாம் அந்தக் கவுண்டர் பெண்ணிடம் என்னென்ன சொல்ல வேண்டும் என்று தயார் செய்துகொண்டேன். டியூஷன் சென்டர் பிள்ளைகளைவிட நன்றாகவே தயார் செய்திருந்தேன்.

முப்பது வயதிருக்கும் அவருக்கு. என் அடையாள அட்டையைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளி, நான்தான் அந்தப் பேராசிரியர் என்று மலாயில் சொன்னேன். வார்டில் பேசும் குரலில்தான் சொன்னேன். வரிசையில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நல்லதாகப் போயிற்று பாக்சிக்" என்றார். பாக்சிக் என்றால் மாமா. புரோஃப் இல்லை, டாக்டர்கூட இல்லை. "நீங்கள் எப்போது ஓய்வு பெற்றீர்கள்?"

"பதினோரு வருடம் ஆகிறது."

"அப்படியானால் நீங்கள் உயிரோடு இருந்தாலும் இந்தச் சாப் செல்லாது. பணியில் இருக்கும் அதிகாரிதான் அடிக்க வேண்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நான் எத்தனை பேரின் வயிற்றைத் திறந்து மூடியவன், எத்தனை டாக்டர்களை உண்டாக்கியவன், இந்தக் கட்டடத்திலேயே எத்தனை பேர் என் மாணவர்கள் என்று ஆரம்பித்தேன். எண்ணிக்கையெல்லாம் என்னிடம் தயாராக இருந்தது. மூன்றாவது எண்ணுக்கு வருவதற்குள் என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். அட்டெண்டன்.

"புரோஃப், கொஞ்சம் வாய மூடிக்கிட்டு இருங்கலா" என்றார். குரலை உயர்த்தவில்லை. "எம் பொண்ணு நம்பர் முப்பத்தேழு. உள்ள இருபத்தொம்பது போய்க்கிட்டு இருக்கு."

இத்தனை வருடத்தில் அவர் எனக்கு இட்ட முதல் கட்டளை. நான் நிறுத்தினேன்.

அவர் மகள் நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தேய்த்துப் போட்ட வெள்ளைச் சட்டை. அழவில்லை, கால் கட்டைவிரலால் ஷூவுக்குள் எதையோ அழுத்திக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. என் கணக்குகளில் எதுவும் அவளை அந்த அறைக்குள் கொண்டுபோகாது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளை வெளியே நிறுத்தி வைத்திருந்தது கவுண்டர் என்று அதுவரை வழியெல்லாம் திட்டிக்கொண்டு வந்தேன். நிறுத்தி வைத்திருந்தது என் சாப்.

கண்ணாடிக்கு நேராகக் குனிந்து சொன்னேன். தப்பு என்னுடையது. இந்தச் சாப்பை நான் அடித்திருக்கக் கூடாது. இது செல்லாது என்று இவர்களுக்குத் தெரியாது.

கவுண்டர் பெண் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். "இதையே எழுதிக் கொடுங்கள்."

எழுதினேன். ஐந்து வரி. கையெழுத்திட்டேன். அவர் அதைப் படித்துவிட்டு, ஒரு கிளிப் போட்டு அட்டெண்டன் மகளின் ஃபைலில் சேர்த்தார். பிறகு கொஞ்சம் இளகி, "கீழே கிளினிக்கில் பல் டாக்டர் இருக்கிறார், பணியில் இருக்கும் அதிகாரிதான், அவர் அடித்துக் கொடுத்தால் முப்பத்தேழு கூப்பிடும்வரை ஏற்றுக்கொள்கிறேன்" என்றார்.

பல் டாக்டருக்கு இருபத்தேழு வயது. தமிழ்ப் பெண். கடைவாய்ப் பல்லைத் தவிர எதையும் பிடுங்கியிருக்க மாட்டார். இவருடைய சாப் செல்லும், என்னுடையது செல்லாது.

"இவரு பெரிய சர்ஜன் டாக்டர்" என்று அட்டெண்டன் அறிமுகம் செய்தார், பழைய மரியாதைக்கு.

"ஓ, அப்பிடியா. அங்கிள், கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க, வெளிச்சம் மறைக்குது."

தள்ளி உட்கார்ந்தேன். புதிதாக எடுத்து வந்த நகல்களை ஒரு பக்கமும் மூலங்களை மறுபக்கமும் வைத்துக்கொண்டு, பெயர், எண், தேதி என்று விரலை வைத்து வரி வரியாக ஒப்பிட்டார். ஒரு பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலே முப்பத்திரண்டோ முப்பத்துமூன்றோ போய்க்கொண்டிருக்கும். சீக்கிரம் அடிம்மா என்று சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் அட்டெண்டன் என்னைப் பார்த்தார்.

ஒன்பதாவது பக்கத்தில் அவர் விரல் நின்றது. "இந்தக் கோலப் போட்டிக்கு ஒரிஜினல் எங்க?"

பெண் உறையைத் துழாவினாள். "வீட்ல இருக்கு. டிவி மேல மாட்டி வச்சிருக்காங்க அம்மா."

"அப்ப இதுக்கு சாப் இல்ல."

"பரவால்ல, விடுங்க" என்றாள் பெண்.

சனிக்கிழமை அதே ஒன்பதாவது பக்கத்தில் 'மூலத்தோடு ஒப்பிட்டேன்' என்று நான் அடித்திருந்தேன். மூலம் கிள்ளானில் ஒரு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. பதினான்கையும் இரண்டு முறை எண்ணியவன் நான், ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. இதே குற்றத்துக்கு ஒரு நர்ஸை வெளியே அனுப்பியிருக்கிறேன். அவர் கணக்காவது சரியாக இருந்தது.

பதின்மூன்று பக்கத்தோடு படியேறினோம். கவுண்டரில் வாங்கிக்கொண்டார்கள். முப்பத்தாறு உள்ளே இருந்தது. சிறிது நேரத்தில் அவளைக் கூப்பிட்டார்கள். எட்டு நிமிடத்தில் வெளியே வந்தாள்.

"என்ன கேட்டாங்க?" என்று அப்பாவுக்கு முன்னால் நான் கேட்டுவிட்டேன்.

"ஏன் டாக்டராகணும்னு கேட்டாங்க. அப்புறம் ஃபைல்ல ஏதோ லெட்டர் இருக்கே, என்னன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நடந்தத சொன்னேன் அங்கிள். ஒருத்தர் சாப் அடிச்சுக் குடுத்தாரு, அவர் எறந்துட்டாருன்னு சொன்னாங்க, அப்புறம் அவரே கிராப்ல வந்து எறங்கி, தப்பு என்னோடதுன்னு எழுதிக் குடுத்துட்டாருன்னு."

"சிரிச்சாங்களா?"

"ஒருத்தர் சிரிச்சாரு. ஒருத்தங்க எதையோ எழுதிக்கிட்டாங்க. இன்னொருத்தர் டீ குடிச்சாரு."

எழுதிக்கொண்டது என்ன என்பதுதான் என்னைத் தின்றது. ஒன்பது வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். பிள்ளை நன்றாகப் பேசினால் யாரும் பேனாவை எடுக்க மாட்டார்கள். ஏதாவது தவறு கண்டால்தான் எழுதுவார்கள். நான் அப்படித்தான் செய்திருக்கிறேன். முடிவு வரும்வரை ஒவ்வொரு நாளாக எண்ணினேன். ஐம்பத்துமூன்று நாள். அதற்குள் சாப்பைப் பழைய துறைக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி இன்றுவரை வரவில்லை. செத்தவன் அனுப்பிய தபால் என்று நினைத்திருப்பார்கள். இடையில் இரண்டு அப்பாக்கள் ஃபைலோடு வந்து மணி அடித்தார்கள். பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். ஒருவர் பல் வலிக்கவில்லை என்றார்.

ஐம்பத்துநான்காவது நாள் மத்தியானம் அட்டெண்டன் கூப்பிட்டார். பின்னால் யாரோ அழுதுகொண்டே சிரிக்கும் சத்தம். அவருடைய மனைவியாக இருக்க வேண்டும்.

"கெடச்சிருச்சு புரோஃப்."

"என்ன கோர்ஸ்? சரியாப் பாத்தியா? மெடிசின் கேட்டா விவசாயம் குடுப்பானுங்க."

"மெடிசின்தான். நாலு தடவ பாத்துட்டோம். அவ பேரு, ஐசி கார்டு நம்பர், எல்லாம் சரியா இருக்கு."

"எத்தன பேரு போட்டாங்க? அதுல எத்தன பேருக்குக் குடுத்திருக்காங்க?"

பின்னால் அந்தச் சத்தம் இன்னும் கேட்டது.

"அதெல்லாம் தெரியாது புரோஃப்" என்றார். "எங்க வீட்ல ஒருத்திக்கு."